2100: ஓர் எண்ணின் பிறப்பும் 185ஆம் பிரிவின் வாசகமும்

மூச்சை அளந்து இரத்தத்தின் ஆல்கஹாலைச் சொல்லும் முறையைப் பற்றி இன்று எழுத வருகிற எவரும் மைக்கேல் ஹ்லாஸ்டாலாவைத் தாண்டிப் போக முடியாது. சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நுரையீரல் உடலியங்கியல் அறிஞர் அவர். 1998இலும் 2010இலும் அவர் எழுதிய இரு கட்டுரைகளின் வாசிப்பைச் சுருக்கினால் இப்படி வரும்: வெளிமூச்சின் கடைசிப் பகுதி நுரையீரல் நுண்ணறைகளின் காற்று, அது இரத்தத்தோடு சமநிலையில் இருக்கும் என்று 1950ஐ ஒட்டிய தலைமுறை நம்பியது. இரத்தத்துக்கும் மூச்சுக்கும் 2100:1 என்ற விகிதம் அந்த நம்பிக்கையின்மேல் எழுந்தது. ஆல்கஹாலோ நீரில் மிக எளிதாகக் கரைவது. அதன் பரிமாற்றம் பெரும்பாலும் மூச்சுக்குழல்களின் ஈரப்படலத்திலேயே முடிந்துவிடுகிறது. உள்ளே போகும் காற்று நுண்ணறையை எட்டுமுன்பே அந்தப் படலத்திலிருந்து ஆல்கஹாலை ஏற்றிக்கொள்கிறது. வெளியே வரும்போது ஒரு பங்கை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு வருகிறது. ஆகவே ஊத ஊத அளவு ஏறிக்கொண்டே போகும். சிறிய நுரையீரல் உள்ளவர், கருவி கேட்கும் குறைந்தபட்சக் காற்றைக் கொடுக்கவே தம் மூச்சின் பெரும்பங்கைச் செலவழிக்க வேண்டும். அவருக்கு எண் கூடுதலாக விழும்.

உடலியங்கியலாக இதில் எனக்கு மறுப்பில்லை. வரலாறாகத்தான் மறுக்கிறேன். கோட்பாடு விழுந்ததால் எண்ணும் விழுந்தது என்று சொல்ல, எண் அந்தக் கோட்பாட்டின் வயிற்றில் பிறந்திருக்க வேண்டும். அப்படிப் பிறந்ததா?

1927இல் எமில் போகன், கால்பந்தின் ரப்பர் பிளாடருக்குள் ஆட்களை ஊதச் சொன்னார். அந்தக் காற்றைக் கந்தக அமிலம் கலந்த டைக்ரோமேட் கரைசலுக்குள் விட்டு நிறமாற்றத்தைப் பார்த்தார். இரண்டு லிட்டர் மூச்சில் உள்ள ஆல்கஹால், ஒரு கன சென்டிமீட்டர் சிறுநீரில் உள்ளதற்கு ஏறத்தாழச் சமம் என்பது அவர் கண்டது. சிறுநீர் என்பதைக் கவனிக்க வேண்டும். 1930இல் ஸ்வீடனின் லில்யெஸ்ட்ராண்டும் லிண்டேயும் இரண்டு லிட்டர் நுண்ணறைக் காற்றை ஒரு மில்லிலிட்டர் இரத்தத்துக்குச் சமம் என்றார்கள். எண் ஒன்றேதான், திரவம் மாறிவிட்டது. சிறுநீரில் ஆல்கஹால் இரத்தத்தைவிடச் சுமார் 1.3 மடங்கு இருக்கும். அந்தக் கணக்கில் போகனின் 2000, இரத்தத்துக்கு வந்தால் 1500ஐ ஒட்டி நிற்கும். இரண்டையும் ஒரே மரபின் இரு கணுக்களாகக் கோர்ப்பவர்கள் எண்ணின் முகச்சாயலைப் பார்த்து உறவு சொல்கிறார்கள்.

அடுத்து இண்டியானாவின் ரோலா ஹார்கர். அவருடைய ‘டிரங்கோமீட்டர்’ எந்த ஆண்டுக்கு உரியது என்பது எதைப் பிறப்பு என்று கொள்கிறோம் என்பதைப் பொறுத்தது. வேலை நடந்ததை எண்ணினால் 1931, காப்புரிமையை எண்ணினால் 1936, போலீசார் கைக்கு வந்ததை எண்ணினால் 1938. மூன்றுக்கும் நியாயம் உண்டு, ஒன்றைத் தேர்ந்தாக வேண்டிய கட்டாயம் எனக்கில்லை. ஹார்கர் பலூனில் ஊதவைத்தார், பெர்மாங்கனேட் கரைசலின் நிறம் போகும்வரை காற்றைச் செலுத்தினார், கூடவே கரியமில வாயுவையும் அளந்தார். நுண்ணறைக் காற்றில் கரியமில வாயு 5.5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டு, பலூனில் எவ்வளவு நுண்ணறைக் காற்று சேர்ந்தது என்று கணக்கிட்டார். ஹ்லாஸ்டாலாவின் குற்றச்சாட்டு முழு வலிமையோடு பொருந்துவது இங்கேதான். இந்தக் கருவி கோட்பாட்டின் பிள்ளை, சந்தேகமில்லை.

ஆனால் 2100 வேறு சங்கதி. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்புக் கவுன்சிலின் குழு அந்த எண்ணை ஏற்றது. 1954இல் ராபர்ட் போர்க்கன்ஸ்டைன் தம் ‘ப்ரீத்தலைசர்’ கருவிக்குள் அதை உலோகமாகவே வார்த்துவிட்டார். அந்தக் கருவி சோதனைக்கு எடுப்பது 52.5 மில்லிலிட்டர் மூச்சு. ஏன் 52.5? நாற்பதால் பெருக்கினால் 2100. அதாவது நாற்பதில் ஒரு பங்கு மில்லிலிட்டர் இரத்தத்துக்கு ஈடான காற்று. விகிதம் அங்கே கணக்கின் ஒரு படியாக இல்லை, உருளையின் கொள்ளளவாக இருக்கிறது. கருவியை இயக்கிய காவலருக்கு அப்படியோர் அனுமானம் உள்ளே இருப்பதே கண்ணில் பட்டிருக்காது.

இனி என் வாதம். ஆல்கஹால் இரத்தத்துக்கும் காற்றுக்கும் இடையே எப்படிப் பிரிகிறது என்பதை ஏ. டபிள்யூ. ஜோன்ஸ் 1983இல் ஆய்வகத்தில் அளந்தார். உடலின் 37 பாகையில் அது சுமார் 1756. நுண்ணறைக் காற்று மாறாமல் வாய்க்கு வருகிறது என்று நம்பி எண்ணைத் தேடியிருந்தால் கிடைத்திருக்க வேண்டியது இந்த 1756தான். வெப்பம் ஒரு பாகை குறைந்தால் விகிதம் சுமார் 6.5 விழுக்காடு ஏறும். வாயை விட்டு வெளியேறும் மூச்சு ஏறத்தாழ 34 பாகை. மூன்று பாகை இறக்கிப் பார்த்தால் 2120ஐத் தொடுகிறோம். அப்படியானால் 2100 வாயருகே பிடித்த காற்றின் எண். மூச்சுக்குழல் காற்றைக் குளிரவைத்து ஆல்கஹாலைப் பறித்துக்கொண்ட பிறகு மிஞ்சியதின் எண். ஹ்லாஸ்டாலா பிற்காலத்தில் விளக்கிய மூச்சுக்குழலின் வேலை, பெயர் சொல்லப்படாமலே அந்த எண்ணுக்குள் முன்பே உட்கார்ந்திருக்கிறது. ‘நுண்ணறைக் காற்று’ என்று எழுதினார்கள், அளந்தது குழலின் காற்றை. அவர்களின் சொல் தவறியது, அளவை அவ்வளவாகத் தவறவில்லை.

இது சூழ்நிலைச் சான்று என்பதை மறைக்கவில்லை. பொருத்தம் தற்செயலாகவும் இருக்கலாம். மனிதர்களிடம் இரத்தத்தையும் மூச்சையும் ஒரே நேரத்தில் எடுத்துப் பார்த்த பிற்கால ஆய்வுகளில் சராசரி 2300ஐ ஒட்டியே வருகிறது, ஆளுக்கு ஆள் கணிசமாக விலகவும் செய்கிறது. சிறிய நுரையீரல் வாதமும் அசையாமல் நிற்கிறது. ஆயினும் சராசரி 2300 என்றால், 2100 பெரும்பாலோருக்கு இரத்த அளவைக் குறைத்தே காட்டும். கோட்பாட்டு மயக்கத்தில் பிறந்த எண் குற்றம் சாட்டப்பட்டவர் பக்கம் சாய்ந்திருப்பது விந்தைதான்.

கோளாறு எண்ணில் இருப்பதைவிட, எண்ணை எங்கே எழுதுகிறோம் என்பதில்தான் அதிகம். பிரிட்டன் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி, 1983 முதல் மூச்சுக்கே தனி வரம்பு வைத்தது: 100 மில்லிலிட்டர் மூச்சில் 35 மைக்ரோகிராம். அமெரிக்க மாநிலங்கள் பலவும் ‘210 லிட்டர் மூச்சில் இத்தனை கிராம்’ என்று எழுதி, விகிதத்தை அலகுக்குள்ளேயே கரைத்துவிட்டன. அளப்பது எதுவோ அதையே குற்றமாக்கினார்கள்.

இந்தியாவின் பாடபேதம் கவனிக்கத்தக்கது. பிரிட்டனின் 1967ஆம் ஆண்டுச் சட்டம், மூச்சுச் சோதனை என்பது இரத்தத்தில் ஆல்கஹாலின் விகித அளவைக் குறிப்பாக அறியும் சோதனை என்று வரையறுத்தது. நம் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 203ஆம் பிரிவு அதே அச்சில் வார்த்ததுதான். ஆனால் விகித அளவு இருந்த இடத்தில் ‘இருப்பு’ என்ற சொல் வந்திருக்கிறது. இதைக் கைப்பிழை என்று நான் நினைக்கவில்லை. 185ஆம் பிரிவு 1988இல் ‘எவ்வளவு சிறிதாயினும்’ இரத்தத்தில் ஆல்கஹால் இருந்தாலே குற்றம் என்றது. இருப்பைக் காட்டினால் போதும், அளவு வேண்டியதில்லை. 1994இல் திருத்தம் வந்தது: 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல், அதுவும் ப்ரீத் அனலைசர் சோதனையில் கண்டறியப்பட வேண்டும். குற்றம் அளவுக்கு மாறியது, 203இன் வரையறை இருப்பிலேயே நின்றுவிட்டது. மூச்சை இரத்தமாக மாற்றும் விகிதமோ 185ஆம் பிரிவில் இல்லை.

இதன் விளைவை ஒரு கணக்கில் பார்க்கலாம். சாலையோரத்தில் ஒருவர் ஊதுகிறார், லிட்டர் மூச்சில் 0.138 மில்லிகிராம். கருவியில் 2100 பதிந்திருந்தால் திரையில் 29, வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம். 2300 பதிந்திருந்தால் 31.7, வழக்கு. அதே மூச்சு, அதே பிரிவு. ஹ்லாஸ்டாலாவின் நுரையீரல் திருத்தங்களை எல்லாம் ஏற்றுக்கொண்டாலும் இந்த இடைவெளி மூடாது. அது சட்ட வாசகத்தில் விட்ட இடைவெளி.

2019ஆம் ஆண்டுத் திருத்தம் 185ஆம் பிரிவைத் தொட்டது. ஆய்வகச் சோதனை உள்ளிட்ட வேறெந்தச் சோதனையிலும் கண்டறியலாம் என்ற தொடர் சேர்ந்தது. விகிதம் சேரவில்லை.