விலை குறைந்த சிறிய மடிக்கணினி: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

புதுதில்லி: மாத ஊதியத்தின் பெரும்பகுதியைச் செலவிட்டு வாங்கிய மடிக்கணினி ஓராண்டுக்குள் திணறத் தொடங்கினால், அது குடும்பத்துக்கு நேரடி இழப்பாகும். விலை உயர்ந்த கணினிகளில் எதை வாங்கினாலும் அன்றாடப் பணிகள் தடையின்றி நடக்கும். விலை குறைந்தவற்றில் நிலைமை வேறு. பெட்டியின் மீது சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டுள்ள ஓரிரு விவரங்களே அந்தக் கருவி எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. அவற்றில் முதன்மையானவை ரேம், சேமிப்பகம், இயங்குதளத்துக்குக் கிடைக்கும் பாதுகாப்புப் புதுப்பிப்பு ஆகிய மூன்றும் ஆகும்.

பயன்பாட்டை முதலில் வரையறுத்தல்

இணையவழி வகுப்பு, தேர்வு விண்ணப்பம், வங்கிப் பரிவர்த்தனை, ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல், கடிதம் தட்டச்சு செய்தல், காணொலி அழைப்பு ஆகியவையே பெரும்பாலான வீடுகளிலும் சிறு கடைகளிலும் மடிக்கணினி செய்யும் பணிகள். இவற்றுக்குத் தனி கிராபிக்ஸ் அட்டையோ, தொடுதிரையோ தேவையில்லை. ஆனால் இப்பணிகளில் பெரும்பாலானவை பிரவுசர் வழியாகவே நடைபெறுகின்றன. ஒரே நேரத்தில் ஏழெட்டு இணையப் பக்கங்களையும் ஒரு காணொலி அழைப்பையும் திறந்து வைப்பதே இன்றைய 'எளிய' பயன்பாடு. கணினியின் நினைவகத்துக்கு இது சிறிய சுமை அன்று.

சிறிய கணினிகளின் பின்னணி

தைவானின் ஆசுஸ் நிறுவனம் 2007ஆம் ஆண்டு 7 அங்குலத் திரையுடன் 'ஈ பிசி' என்ற சிறிய கணினியை வெளியிட்டது. 'நெட்புக்' என்று அழைக்கப்பட்ட கணினி வகை அதன் பின்னர் உலகெங்கும் பரவியது. இந்தியாவில் ரிலையன்ஸ் ஜியோ 2023ஆம் ஆண்டு வெளியிட்ட 'ஜியோபுக்' மாடல் 11.6 அங்குலத் திரை, 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பகம், 990 கிராம் எடை ஆகியவற்றுடன் 16,499 ரூபாய்க்கு அறிமுகமானது. எடையும் விலையும் குறைவு என்பது இவ்வகைக் கணினிகளின் வலிமை. நினைவகமும் சேமிப்பகமும் குறைவு என்பது அவற்றின் வரம்பு. குறிப்பிட்ட சில பணிகளுக்கு மட்டும் பயன்படுத்துவோருக்கு இவை ஏற்றவை. வீட்டின் ஒரே கணினியாக இவற்றை நம்புவோர் யோசித்தே முடிவெடுக்க வேண்டும்.

ரேம்: 8 ஜிபிக்குக் குறையக் கூடாது

விண்டோஸ் 11 இயங்கக் குறைந்தபட்சம் 4 ஜிபி ரேமும் 64 ஜிபி சேமிப்பகமும் தேவை என மைக்ரோசாப்ட் நிர்ணயித்துள்ளது. இதை மட்டும் நிறைவு செய்யும் கணினிகளும் சந்தையில் விற்கப்படுகின்றன. ஆனால் 'குறைந்தபட்சம்' என்பது இயங்குதளத்தை நிறுவுவதற்கான அளவே. தடையின்றிப் பணியாற்ற அது போதாது. விண்டோஸ் கணினியில் 8 ஜிபி ரேம் இருப்பது அவசியம்.

அந்த ரேம் பின்னாளில் கூட்டக்கூடியதா என்பதையும் கேட்டறிய வேண்டும். சில மாடல்களில் கூடுதல் ரேம் பொருத்துவதற்கான ஸ்லாட் உண்டு. வேறு சிலவற்றில் ரேம் மதர்போர்டுடன் சால்டர் செய்யப்பட்டிருக்கும். அவற்றில் வாங்கும் நாளில் உள்ள அளவே இறுதி அளவாகும்.

சேமிப்பகம்: எஸ்எஸ்டியா, இஎம்எம்சியா?

விளம்பரங்களில் '64 ஜிபி', '128 ஜிபி' என்ற அளவு பெரிதாகவும், அதன் வகை சிறிதாகவும் குறிப்பிடப்படுவது வழக்கம். இஎம்எம்சி என்பது விலை குறைந்த கைபேசிகளில் பயன்படுத்தப்படும் சேமிப்பு வகை. இது பெரும்பாலும் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும் என்பதால் பழுதானால் தனியே மாற்றுவது கடினம். இஎம்எம்சியின் உச்சகட்ட வேகம் வினாடிக்குச் சுமார் 400 எம்பி. என்விஎம்இ வகை எஸ்எஸ்டி பல மடங்கு வேகமானது. அத்துடன், பெரும்பாலான மாடல்களில் அதைக் கழற்றிப் பெரிய அளவுள்ள எஸ்எஸ்டியை மாற்றிக்கொள்ளவும் முடியும்.

64 ஜிபி என்று குறிக்கப்பட்ட சேமிப்பகத்தை விண்டோஸ் சுமார் 59 ஜிபி என்றே காட்டும். அதில் கணிசமான பகுதியை இயங்குதளமே எடுத்துக்கொள்ளும். பெரிய புதுப்பிப்புகள் வரும்போது அவற்றை நிறுவ இடமின்றிக் கணினி தடுமாறும். எனவே 256 ஜிபி எஸ்எஸ்டி உள்ள மாடலைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

பிராசசர்: பெயரைக் கண்டு ஏமாற வேண்டாம்

இன்டெல் செலரான் என்4020 பிராசசரில் 2 கோர்கள் மட்டுமே உள்ளன. 2023ஆம் ஆண்டு வெளியான இன்டெல் என்100 பிராசசரில் 4 கோர்கள் உள்ளன. அன்றாடப் பணிகளுக்கு என்100 போதுமானது.

பெயர்களில் குழப்பம் அதிகம். 'கோர் ஐ3-என்305' என்பது ஐ3 என்ற பெயரைத் தாங்கியிருந்தாலும், என்100 பிராசசரின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஏஎம்டியின் 'ரைசன் 3 7320யு' என்ற பெயரில் முதல் எண் 7 என்றிருந்தாலும், அது 2019ஆம் ஆண்டு அறிமுகமான சென் 2 கட்டமைப்பையே பயன்படுத்துகிறது. இதனால் அது தரமற்றது என்று பொருளாகாது. அன்றாடப் பணிகளை அது நன்றாகவே செய்யும். 'புதிய தலைமுறை' என்ற சொல்லுக்காக மட்டும் கூடுதல் விலை தரத் தேவையில்லை என்பதே கவனிக்க வேண்டியது.

இயங்குதளமும் அதன் ஆயுளும்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் நிறுத்திவிட்டது. எனவே விண்டோஸ் 11 இயங்காத கணினியை இப்போது வாங்குவது, வங்கிப் பணிகளைப் பொறுத்தவரை பாதுகாப்பானதன்று.

கூகுளின் குரோம்புக் குறைந்த ரேமிலும் சீராக இயங்கும். 2021 முதல் வெளியான குரோம்புக் வகைகளுக்கு 10 ஆண்டுகள் தானியங்கிப் புதுப்பிப்பு வழங்கப்படுகிறது. ஆனால் இந்தக் காலம் அவ்வகை சந்தைக்கு வந்த நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது, வாங்கிய நாளிலிருந்து அன்று. பழைய மாடலைத் தள்ளுபடியில் வாங்குவோர் அதன் புதுப்பிப்பு முடிவடையும் தேதியைப் பார்ப்பது அவசியம். டேலி போன்ற கணக்கியல் மென்பொருளையோ, மின்கையொப்ப டோக்கனையோ பயன்படுத்தும் வணிகர்களுக்கு விண்டோஸே ஏற்றது.

'டாஸ்' என்று குறிப்பிட்டு விற்கப்படும் மடிக்கணினிகளில் விண்டோஸ் இருக்காது. லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு இது ஆதாயம். கேரளத்தில் அரசு நிறுவனமான கைட், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளத்தைப் பள்ளிகளுக்கு வழங்கி வருகிறது. லிப்ரே ஆபிஸ் போன்ற கட்டணமில்லா மென்பொருள்களைக் கொண்டு கடிதம், கணக்குத்தாள் பணிகளைச் செய்ய முடியும். விண்டோஸ், குரோம் ஓஎஸ், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் தமிழில் தட்டச்சு செய்யும் வசதி உண்டு.

திரை, எடை, பேட்டரி

11.6 அங்குலத் திரை பயணத்துக்கு ஏற்றது. நாள்தோறும் பல மணி நேரம் படிக்கும் மாணவர்களுக்கு 14 அங்குலம் பொருத்தமானது. கணக்கு எழுதுவோருக்குத் தேவையான தனி எண் விசைகள் பெரும்பாலும் 15.6 அங்குல மாடல்களிலேயே இடம்பெறுகின்றன. 1920க்கு 1080 என்ற திரைத்தெளிவும் ஐபிஎஸ் வகைத் திரையும் இருந்தால் கண்ணுக்குச் சிரமம் குறையும்.

பேட்டரி குறித்து 'இத்தனை மணி நேரம்' என்ற விளம்பரத்தைவிட வாட்-மணி அளவே நம்பகமானது. 42 வாட்-மணி பேட்டரி, சராசரியாக 7 வாட் மின்சாரம் எடுக்கும் பயன்பாட்டில் 6 மணி நேரம் தாங்கும்.

புதுப்பித்து விற்கப்படும் கணினிகள்

அலுவலகங்கள் பயன்படுத்திக் கழித்த மடிக்கணினிகள் பழுது நீக்கப்பட்டு மீண்டும் விற்பனைக்கு வருகின்றன. இவற்றின் விசைப்பலகையும் உடலமைப்பும் பெரும்பாலும் உறுதியானவை. ஒரே விலையில், புதிய 4 ஜிபி கணினியைவிட 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் உள்ள பழைய அலுவலகக் கணினி அதிகம் பயன்படலாம்.

அவ்வாறு வாங்குவோர் இன்டெல் எனில் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரா என்று பார்க்க வேண்டும். அதற்கு முந்தையவற்றில், மிகச் சில விதிவிலக்குகள் தவிர, விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஆதரிக்கப்படுவதில்லை. பேட்டரியின் தொடக்கக் கொள்ளளவில் எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதை விண்டோஸின் பேட்டரி அறிக்கையில் காணலாம்.

ரசீது, உத்தரவாதம், புகார்

மடிக்கணினிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி விதிக்கப்படுகிறது. வரி உட்பட 25,000 ரூபாய் விலையுள்ள கணினியில் சுமார் 3,814 ரூபாய் வரியாகும். ஜிஎஸ்டி பதிவு பெற்ற வணிகர்கள், தொழிலுக்காக வாங்கும்போது தங்கள் பதிவு எண்ணுடன் ரசீது பெற்றால் இந்தத் தொகையை விதிகளுக்கு உட்பட்டு உள்ளீட்டு வரி வரவாகப் பெறலாம். 'ரசீது இல்லாமல் விலை குறைவு' என்ற சலுகையை ஏற்போர் இதையும், உத்தரவாதத்துக்கான சான்றையும் இழக்கின்றனர்.

மடிக்கணினிகளும் அடாப்டர்களும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவுத் திட்டத்தின் கீழ் வருகின்றன. 'ஆர்' என்ற எழுத்துடன் தொடங்கும் பதிவு எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் சரிபார்க்கலாம். உத்தரவாதத்தில், பழுது நீக்குநர் வீட்டுக்கு வருவாரா, வாங்கியவரே சேவை மையத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டுமா என்பதையும் பார்க்க வேண்டும். அருகில் சேவை மையம் இல்லாத ஊர்களில் இந்த வேறுபாடு முக்கியமானது.

இணையவழி விற்பனை தொடர்பான 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். தீர்வு கிடைக்காதோர் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐத் தொடர்பு கொள்ளலாம். 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள பொருள்களுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கட்டணம் இல்லை.

கைவசம் உள்ள தொகை குறைவாக இருந்தால், முதலில் 8 ஜிபி ரேம், அடுத்து எஸ்எஸ்டி, அதன்பின் திரை, இறுதியில் பிராசசர் என்ற வரிசையில் முன்னுரிமை அளிக்கலாம். மெல்லிய வடிவம், வண்ணம், இலவசப் பை ஆகியவை இந்தப் பட்டியலுக்கு வெளியே இருப்பவை.