கடலோரக் கணிப்பொறி

கணிப்பொறி என்றாலே, தொட்டால் கெட்டுவிடுமோ என்று புதியவர்கள் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் நீங்கிய வரலாறு ஒன்று உண்டு.

1998-இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிச் சிற்றூர்களில் அறிவு மையங்களைத் தொடங்கிற்று. வில்லியனூர் தலைமை நிலையம்; பிற ஊர்களுக்குச் செய்திகள் வானொலி அலைகள் வழியே சென்றன. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் பலர் கணிப்பொறிகளை இயக்கினர். அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளம் தரும் அலை உயர முன்னறிவிப்பு, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கி வழியே தமிழில் ஒலித்தது. மீனவர்கள் அதைக் கேட்டுக் கடலுக்குச் சென்றனர்.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வருவதாகச் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசிச் செய்தி வந்தது. நல்லவாடு மையத்தின் ஒலிபெருக்கி எச்சரித்தது. மக்கள் உயிர் தப்பினர்.

வேண்டிய செய்தியைத் தாய்மொழியில் தரும் கருவியிடம் அச்சம் ஏது?