காத்திருக்கும் கட்டளைகள்

பொருள் ஒன்றாகவும் அதனை நாடுவோர் பலராகவும் இருக்குமிடத்து, முந்தியவர் யார், பிந்தியவர் யார் என்ற வினா எழாமற் போவதில்லை. கிணற்றடியிலும் சங்கக் கடை வாயிலிலும் எழும் இவ்வினா கணனியின் வாயிலிலும் எழுந்தது. அதற்கு மனிதர் கண்ட விடைகளின் வரலாறே இப்பேச்சின் பொருளாகும்.

1950ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலே, கணனியைப் பயன்படுத்த விரும்பியவர் முன்கூட்டியே நேரம் பதிந்து, குறித்த வேளையில் தம் அட்டைக் கட்டுடன் இயந்திரத்தின் முன் சென்று அமர்ந்தார். பிழை நேர்ந்தால் அங்கிருந்தே ஆராய்ந்தார். அவர் சிந்திக்கும் வேளையில் பெருவிலை கொண்ட இயந்திரம் வாளா கிடந்தது. ஒருவர் எழுந்து மற்றவர் அமரும் இடைவேளையும் வீணே கழிந்தது.

இவ்வீண்செலவைத் தவிர்க்க, 1956ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டர்ஸ் ஆய்வுப் பிரிவினரும் நோர்த் அமெரிக்கன் ஏவியேஷன் நிறுவனத்தாரும் கூடி, ஐ.பி.எம். 704 என்னும் கணனிக்கு ஒரு மேற்பார்வைச் செய்நிரலை ஆக்கினர். ஒரு வேலை முடிந்ததும் அடுத்ததைத் தானே தொடங்குவது அதன் தொழில். பலருடைய வேலைகள் ஒரு தொகுதியாகக் கட்டப்பட்டு, ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. இயந்திரத்தின் ஓய்வு குறைந்தது. மனிதனின் காத்திருப்போ கூடியது. ஒரு காற்புள்ளியைத் தவறவிட்டவர், அதனை அறிய மணிக்கணக்கில், சில வேளை மறுநாள் வரை, காத்திருக்க நேர்ந்தது.

மனிதனுடைய நேரம் பெரிதா, இயந்திரத்தினுடைய நேரம் பெரிதா? 1961ஆம் ஆண்டு நவம்பரில், மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் பெர்னாண்டோ கோர்பாட்டோவும் அவர்தம் துணைவரும் நேரப்பகிர்வு முறையைச் செய்துகாட்டி, மனிதன் பக்கம் நின்றனர். அம்முறையிலே வேலைகள் பல படிகளான வரிசைகளில் நின்றன. சிறு வேலை மேற்படியிலேயே விரைந்து முடிந்தது. நெடுவேலை படிப்படியாகக் கீழே இறங்கியது. கீழ்ப்படியில் முறை வருவது அரிது. வந்தால் கிடைக்கும் நேரமோ அதிகம்.

தொகுதி முறையும் அழிந்துவிடவில்லை. 1964இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். 360 கணனிகளில், ஒவ்வொரு வேலையும் தன் வகுப்பையும் முன்னுரிமையையும் அட்டையிலேயே தாங்கி வந்தது. ஹூஸ்ரன் நகரில், நாசாவின் நிலையத்திலே ஆக்கப்பட்ட ‘ஹாஸ்ப்’ என்னும் செய்நிரல், வந்த வேலைகளை வட்டிலே சேர்த்துவைத்து, முன்னுரிமைப்படி எடுத்து வழங்கியது.

ஆனால் முன்னுரிமைக்கும் ஒரு தீங்கு உண்டு. மசாசூசெற்ஸ் நிறுவகத்தின் ஐ.பி.எம். 7094 கணனியை 1973இல் நிறுத்தியபோது, 1967இல் கொடுக்கப்பட்ட கடைநிலை வேலையொன்று இன்னும் முறை வராமற் கிடந்ததாகக் கணனியாளரிடையே ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ புனைவோ, அது சுட்டும் குறை மெய்யே. மேலானவை வந்துகொண்டே இருந்தால், கீழுள்ளதற்கு வாய்ப்பே இல்லை. காத்திருக்கும் காலத்துக்கேற்ப முன்னுரிமையைச் சிறிது சிறிதாக உயர்த்துவதே இதற்குக் கண்ட மருந்து.

இனி, குறித்த நேரத்தில் செய்யவேண்டிய வேலைகள். 1979இல் பெல் ஆய்வுகூடம் வெளியிட்ட யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் ‘குரோன்’ என்னும் செய்நிரல் இடம்பெற்றது. காலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அப்பெயருக்கு மூலம். நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என ஐந்து குறிப்புகளை எழுதிவைத்தால், அது நிமிடந்தோறும் விழித்து, வேளை வந்த வேலையைத் தொடங்கும். ஆயினும் எல்லோரும் நள்ளிரவையே குறித்தால் அவ்வேளையில் நெருக்கம் உண்டாகும். முன்னைய ஓட்டம் முடியுமுன் அடுத்தது தொடங்கினால் இரண்டும் மோதும். ஆதலால், ஒரே வேளையில் ஒரு வரிசையிலிருந்து எத்தனை வேலைகள் ஓடலாம் என வரம்பிடும் வசதியும் பிற்காலத்து யுனிக்ஸ் முறைமைகள் சிலவற்றிற் சேர்ந்தது.

நேயர்களே, சம்பளப் பட்டியலும் வங்கிக் கணக்கும் இத்தகைய வரிசைகளிலே நின்றுதான் முடிவு பெறுகின்றன. எது முந்தவேண்டும் என்பதை இயந்திரம் தானாக அறியாது. விதியை எழுதும் மனிதனே அதனைத் தீர்மானிக்கின்றான். அவ்விதியை எழுதுங்கால், வரிசையின் கடைசியில் நிற்பதற்கும் முறை வருமா என்று ஒருமுறை எண்ணிப்பார்ப்பது அவன் கடமையாகும்.