அரிதினும் அரிதான வழக்கு

இந்தியாவில் மரண தண்டனை விதிப்பதற்கான நீதிமன்ற அளவுகோல். 1980-இல் பச்சன் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில், தூக்குத் தண்டனை அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வில் நால்வர் தீர்ப்பளித்தனர். ஆனால் ஆயுள் தண்டனையே பொது விதி, தூக்கு விதிவிலக்கு என்று வரம்பிட்டனர். குற்றத்தின் கொடூரத்தோடு குற்றவாளியின் பின்னணியையும், அவர் திருந்தும் வாய்ப்பையும் எடைபோட வேண்டும்.

மாறுபட்ட நீதிபதி பி. என். பகவதி 1982-இல் தம் காரணங்களை வெளியிட்டார். ஒருவர் பிழைப்பதும் சாவதும் அமர்வில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்ததாகிவிடும் என்று அஞ்சினார். தூக்குமேடை ஏறுபவர்கள் பெரும்பாலும் ஏழைகளே என்றார். அந்த அச்சம் வீண்போகவில்லை. குற்றவாளியின் சூழலைக் கருதாமல் தூக்கை உறுதிசெய்த தன் முந்தைய தீர்ப்புகள் சில, பச்சன் சிங் நெறிக்கு மாறானவை என்று 2009-இல் உச்ச நீதிமன்றமே கூறியது. அவற்றுள் ஒன்றில் 1996-இலேயே தண்டனை நிறைவேற்றப்பட்டிருந்தது.

1967-இல் தூக்கைத் தொடரச் சொன்ன சட்ட ஆணையம், 2015-இல் பயங்கரவாதம், நாட்டுக்கு எதிரான போர் தவிர்த்த குற்றங்களுக்கு அதை ஒழிக்கப் பரிந்துரைத்தது. 2024-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா மரண தண்டனையைத் தக்கவைத்துள்ளது.