மாணாக்கர் கைக்கு வந்த குழல்

வானொலி நிலையத்தில் ‘ரெக்கார்டர்’ என்றால் ஒலிப்பதிவுக் கருவியையே காட்டுவார்கள். நான் இன்று பேசப் புகுவது அதனைப் பற்றி அன்று. அப்பெயர் கொண்ட ஐரோப்பிய மரக்குழலைப் பற்றி. பறவை தன் பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடிப் பழகுவதைக் குறிக்க ஆங்கிலத்தில் முற்காலத்தில் வழங்கிய சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது என்பர்.

நம் புல்லாங்குழலில் உதடுகளே காற்றைக் குவித்துத் துளையின் விளிம்பில் செலுத்த வேண்டும். முதல் நாதம் பிறக்கவே நாள் பல ஆகும். ரெக்கார்டரிலோ, வாய்ப்பகுதியில் ஒரு கட்டையைச் செருகிக் காற்றுக்குக் குறுகிய வழி அமைத்திருக்கிறார்கள். காற்று தானே சென்று விளிம்பில் மோதும். முன்புறம் ஏழு துளைகள், பின்புறம் கட்டைவிரலுக்கு ஒன்று. எட்டு வயதுச் சிறுவன் ஊதினாலும் உடனே ஒலி எழும்.

இதனால் இது சிறுவர்க்கென்றே செய்யப்பட்டது எனப் பலர் எண்ணுகின்றனர். வரலாறு அவ்வாறு கூறவில்லை. 1535-ஆம் ஆண்டில் கனாசி என்பார் வெனிஸ் நகரில் இக்குழலுக்கென ஒரு நூல் வெளியிட்டார். மனிதக் குரலைப் போலவே குழலும் பேச வேண்டும் என்பது அவர் கொள்கை. எட்டாம் ஹென்றி மன்னர் மறைந்தபின் 1547-இல் எடுத்த பட்டியலில் 76 ரெக்கார்டர்கள் இருந்தன. பாக் தம் பிராண்டன்பர்க் இசைக்கோவைகள் இரண்டில் இதற்கு இடம் தந்தார். ஆனால் பலமாக ஊதினால் இதன் சுருதி ஏறிவிடும். மெல்ல ஊதினால் இறங்கிவிடும். ஓசையை வேண்டியவாறு பெருக்கவும் சுருக்கவும் வல்ல பக்கவாட்டுக் குழல் பதினெட்டாம் நூற்றாண்டில் மேலோங்கவே, ரெக்கார்டர் ஒதுங்கிற்று.

அதனை மீட்டவருள் முதன்மையானவர் ஆர்னால்டு டால்மெட்ச். அவர் அருமையாகப் போற்றிய பழங்குழல் ஒன்று 1919-இல் லண்டன் வாட்டர்லூ ரயில் நிலையத்தில் தொலைந்தது. சிறுவனான மகன் கார்ல் பையைப் பிளாட்பாரத்திலேயே விட்டுவிட்டானாம்! குறித்து வைத்திருந்த அளவுகளைக் கொண்டு தந்தையார் புதிய குழல் கடைந்தார். 1930-களில் எட்கர் ஹண்ட் முதலியோர் இங்கிலாந்தின் பள்ளிகளுக்கு இதனைக் கொண்டு சென்றனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பேக்கலைட்டால் வார்த்த குழல்கள் வந்தன, விலை இறங்கிற்று, வகுப்பு முழுவதும் ஊதலாயிற்று.

பழைய ஆசிரியனாகிய என்னை நிறுத்திச் சிந்திக்க வைப்பது ஜெர்மனியில் நடந்த ஒரு மாற்றம். சட்ஜத்திலிருந்து தொடங்கினால், சுத்த மத்தியமத்துக்கு இடையில் ஒரு துளையைத் திறந்துவிட்டுக் கீழுள்ளவற்றை மூட வேண்டும். இளம் விரல்களுக்கு இது இடர்தான். 1920-களில் பீட்டர் ஹார்லான் துளைகளின் அளவை மாற்றி அவ்விடரை நீக்கினார். விரல்களை வரிசையாக எடுத்தாலே மத்தியமம் வந்துவிடும். ஆனால் பிரதி மத்தியமம் கெட்டது. சுருதி சேராமல் நின்றது. முதல் மாதத்து எளிமைக்காக மூன்றாம் ஆண்டின் இசையை விற்றுவிட்டார்கள் என்றே சொல்வேன். பாடத்தை எளிதாக்குவது வேறு, பாடத்தையே குறைப்பது வேறு அல்லவா?

இருவகைக் குழல்களும் இன்றும் கடைகளில் கிடைக்கின்றன. முன்புறத் துளைகளை மேலிருந்து எண்ணுங்கள். நான்காவதைவிட ஐந்தாவது சிறிதாயிருந்தால் அது ஹார்லான் வழி. ஐந்தாவது பெரிதாயிருந்தால் பழைய வழி. பிள்ளைக்கு வாங்குவோர் பின்னதையே கேட்டு வாங்குக.