முன்பாரம்

ஒற்றை அச்சு வண்டியின் சுமை, அதை இழுக்கும் முனையில் கீழ்நோக்கி அழுத்தும் எடை முன்பாரம் எனப்படும். எடைமையம் அச்சுக்குப் பின்னால் போய் அந்த முனை மேலெழுந்தால் அது பின்பாரம்.

மாட்டுவண்டியில் முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி காளைகளின் கழுத்தைப் புண்ணாக்கும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழ, பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். இரண்டில் இதுவே கொடியது. மேடேறும்போது சுமையின் எடைமையம் பின்னே சாய்வதால் வண்டியோட்டி முன்னே நகர்ந்து அமர்வார். இறக்கத்தில் பின்னே நகர்வார். வண்டி மாடுகள் படும் வதையை 1970களில் ஆய்வுப் பொருளாக்கியவர், பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநர் என். எஸ். ராமசாமி.

படகு ட்ரெய்லருக்கும் இதே கணக்குதான். மொத்த எடையில் ஏறத்தாழ 5 முதல் 10 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும். 1,000 கிலோ எடையின் மையம் அச்சுக்கு 30 செ.மீ. முன்னாலும், கொக்கி அச்சிலிருந்து 4 மீட்டர் தொலைவிலும் இருந்தால், கொக்கியில் 75 கிலோ இறங்கும். குறைந்தால் ட்ரெய்லர் வேகத்தில் பாம்பாக நெளிந்து கவிழக்கூடும். மிகுந்தால் காரின் பின்புறம் தாழ்ந்து முன்சக்கரப் பிடி தளரும். படகின் மோட்டாரும் பெரும்பாலும் எரிபொருள் தொட்டியும் பின்புறமே இருப்பதால் பின்பாரம் எளிதில் கூடும். படகை முன்னே தள்ளியோ அச்சைப் பின்னே நகர்த்தியோ சரிசெய்யலாம். தொட்டியை நிரப்பி, சாமான்களை ஏற்றிய பிறகே கொக்கி எடையை நிறுத்துப் பாருங்கள்.