காவலில் ஒரு விருந்து



கண்டி மாநகரில், வாவிக்கரையிலிருந்து மேலேறும் தெருவொன்றில், சிங்களக் குடும்பமொன்று தன் இல்லத்தின் இரண்டு அறைகளைப் பயணிகளுக்கு விட்டுவருகின்றது. தலதா மாளிகைக்கு அங்கிருந்து காலாற நடந்து போகலாம். சென்ற பாடசாலை விடுமுறையில் மூன்று நாள் அங்கே தங்கினேன். நான் போய்ச் சேர்ந்தபோது இரவு வெகுநேரமாகி, மழையும் பிடித்துக்கொண்டது. வீட்டம்மையார் அடுப்பை மீண்டும் மூட்டி, சோறும் பலாக்காய்க் கறியும் சூடாக்கிப் படைத்தார். உண்ணும்போது, இதே மலைநாட்டில் அந்நியர் வீட்டுச் சோற்றை உண்டு பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்த ஒருவனின் நினைவு வந்தது.

அவன் பெயர் றொபேட் நொக்ஸ். 1660ஆம் ஆண்டில், புயலால் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பலொன்று திருகோணமலைக்கு அண்மையிலுள்ள கொட்டியாரக் குடாவில் ஒதுங்கியது. அதன் தலைவரும், அவருடைய பத்தொன்பது வயது மகனான நொக்ஸும், மாலுமிகள் பலரும் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டனர். ஐரோப்பியரைத் தன் நாட்டினுள் தடுத்து வைத்திருத்தல் அம்மன்னனுக்கு வழக்கமாக இருந்தது.

ஆனால் அவர்களை அடைக்கக் கற்சிறை எதுவும் எழுப்பப்படவில்லை. கிராமங்கள்தோறும் அவர்களைப் பிரித்து அனுப்பி, ஊராரே உணவளிக்க வேண்டும் என்று ஆணையிட்டான் மன்னன். ஊரே சிறை, ஊராரே காவலர், அவர்களே அடுப்பு மூட்டியவர்களும் ஆவர். தந்தையும் மகனும் காய்ச்சலுற்றுக் கிடந்தனர். 1661இல் தந்தை இறந்தார். மகன் தொப்பி பின்னி விற்றும், நெல்லைக் கடன் கொடுத்தும் பிழைக்கக் கற்றான். பிற்காலத்தில் கண்டிக்கு அணித்தான எலதெத்த என்னும் ஊரில் நிலம் வாங்கி வீடும் அமைத்துக்கொண்டான்.

பல்லாண்டுகள் இக்கதையை வகுப்பிற் கூறிய நான், மன்னனின் கொடுமையையும் நொக்ஸின் துணிவையுமே எடுத்துரைத்து வந்தேன். உணவளித்தவர்களைப் பற்றி ஒரு சொல்லும் கூறியதில்லை. அவர்கள் மனமுவந்தே உணவளித்தனர் என்று இன்று நான் சொல்லவும் துணியேன். அரச ஆணைக்கு அஞ்சிய எளிய உழவர்களுக்கு, அழையாது வந்த அந்நியன் ஒரு சுமையே அன்றோ? எனினும், அச்சுமையை அவர்கள் சுமந்திராவிடின் நொக்ஸ் உயிரோடு இருந்திருக்க மாட்டான்.

1679இல் அவன் ஒரு தோழனோடு காடு கடந்து, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவனுடைய நூல், அக்காலக் கண்டி மக்களின் உணவு, உடை, உழவு, வழக்காறு ஆகியவற்றை அறிதற்கு இன்றும் இன்றியமையாத சான்றாக விளங்குகின்றது. காவலில் வைக்கப்பட்டவன் குடிமக்களின் வாழ்வைத் திண்ணையளவில் நின்று கண்டமையே அந்நூலின் வலிமை. கோட்டைச் சிறையில் அடைபட்டிருந்தால் நெல் குற்றும் முறையை அவன் எங்ஙனம் கண்டிருப்பான்?

கண்டி நாட்டு வழிகளில் அம்பலங்கள் இருந்தன. ஆங்கிலேயர் காலத்தில் வாடிவீடுகள் எழுந்தன. இன்று குடும்ப விடுதிகள் பெருகியுள்ளன. கூலி கொடுத்துத் தங்குவதை விருந்தென்று சொல்லலாமா எனச் சிலர் வினவுவர். நான் கண்ட விடை இதுவே: விரும்பியபோது புறப்படும் உரிமை உள்ளவனே விருந்தினன். அவ்வுரிமை இல்லாதவனுக்கு அறுசுவை படைப்பினும் அது காவலே. நொக்ஸுக்குச் சோறு கிடைத்தது, அவ்வுரிமை கிடைக்கவில்லை.

நான்காம் நாட் காலை நான் விடைபெற்றபோது, அம்மையார் வாழையிலையிற் சோறு கட்டிக் கையில் தந்தார். கணக்கிற் சேர்க்குமாறு வேண்டினேன், மறுத்துவிட்டார். புகையிரதம் கடுகண்ணாவை மலையிறங்கும்போது அப்பொதியை அவிழ்த்தேன். அடுத்த தவணையில், நொக்ஸின் கதையை மன்னனிலிருந்து அல்லாமல், ஏதோ ஒரு குடிசையின் அடுப்படியிலிருந்து தொடங்க வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.